தாமோதர் நதிப் பள்ளத்தாக்கின் பருவமழை

தாமோதர் நதி சோட்டா நாகபுரிப் பீடபூமியில் உற்பத்தியாகிக் கிழக்கு நோக்கிப் பாய்ந்து, மேற்கு வங்கத்தில் ஹூக்ளியுடன் கலக்கிறது. அதன் நீர்ப்பிடிப்புப் பிரதேசம் ஏறத்தாழ 24,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. ஆண்டுச் சராசரி மழை சுமார் 1,200 மில்லிமீட்டர். இது மிகையான மழையன்று. எனினும் இந்நதியை 'வங்கத்தின் துயரம்' என்றே மக்கள் நெடுங்காலம் வழங்கி வந்தனர். காரணம் மழையின் அளவில் இல்லை. அது பெய்யும் காலத்திலும் விதத்திலுமே உள்ளது.

ஆண்டு மழையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையில் பெய்துவிடுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் 'கால்பைசாகி' எனப்படும் மாலைநேர இடிமழையும் குளிர்காலத் தூறலும் பயிருக்கு உதவுமேயன்றி, நதியைப் பெருக்கெடுக்கச் செய்வதில்லை. பருவமழையும் நாள்தோறும் ஒரே சீராகப் பெய்வதன்று. வங்காள விரிகுடாவில் தோன்றும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலங்கள் வடமேற்காக நகர்ந்து வரும்போதுதான், இரண்டு மூன்று நாட்களில் பெருமழை கொட்டுகிறது.

இம்மண்டலம் கீழ்ப் பள்ளத்தாக்கில் நுழைந்து மேல்நோக்கிச் செல்லுமாயின், கீழ்ப்பகுதியில் பெய்த நீர் முன்னதாக வடிந்துவிடும். அது மேற்பகுதியில் தேங்கி நின்றாலோ, திரும்பி நதியின் போக்கிலேயே வந்தாலோ நிலைமை வேறு. விசிறிபோல் விரிந்த பாறைச் சரிவுகளின் நீரெல்லாம் ஒருங்கே கூடி, குறுகிய கீழ்ப் படுகைக்குள் பாய்கிறது.

1943 ஜூலையில் கரை உடைந்து, பர்துவான் பகுதியில் இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும் துண்டிக்கப்பட்டன. அதன் விளைவாக 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கார்ப்பொரேஷன் அமைந்தது. திலையா, கோனார், மைதான், பாஞ்சேத் ஆகிய நான்கு அணைகள் 1953 முதல் 1959 வரை நிறைவெய்தின. முதலில் திட்டமிட்டவை இவற்றினும் பல.

அணைகள் வந்தபின்னும் ஒரு சங்கடம் நீங்கவில்லை. பருவத்தின் இறுதியில், குளிர்காலப் பயிருக்காக நீர்த்தேக்கத்தை நிரப்பி வைக்க வேண்டும். அதே சமயம், பிந்தி வரக்கூடிய புயல்மழைக்கு இடமும் விட்டு வைக்க வேண்டும். நிலமோ அதற்குள் ஈரத்தில் ஊறிப்போயிருக்கும். பெய்யும் மழையில் பெரும்பகுதி வழிந்தோடிவிடும். 1978 செப்டம்பர் இறுதியில் கீழ்ப் பள்ளத்தாக்கு பெருவெள்ளத்தில் மூழ்கியது.

ஆதலின் மேட்டுப் பகுதியிலுள்ள மழைமானி ஒவ்வொன்றின் குறிப்பும் மதிப்புடையது. ஒரு சதுர கிலோமீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்பது 1,000 கனமீட்டர் நீர். பிரதேசம் முழுவதும் அதே அளவு பெய்தால் 2.4 கோடி கனமீட்டர் ஆகும். மாணவர்களே இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். காலை 8.30 மணிக்கு அளக்கும் நீர், முந்திய 24 மணி நேரத்தில் பெய்தது. ஆயினும் அளந்த நாளின் தேதியிலேயே அதைப் பதிய வேண்டும். மழையற்ற நாளில் 0 என்று எழுதுக. இடத்தை வெறுமையாக விட்டால், மழைதான் பெய்யவில்லையா, மானியைத்தான் பார்க்கவில்லையா என்பது அணையின் கதவுகளைத் திறக்க முடிவு செய்பவருக்குத் தெரியாது.