அதிர்ஷ்டம் என்றால் என்ன?

"அவனுக்கு என்னப்பா, அதிர்ஷ்டக்காரன்!"

இந்தப் பேச்சைக் கேட்காத நாள் உண்டா? மகனுக்கு வேலை கிடைத்தால் அதிர்ஷ்டம். மகளுக்கு நல்ல இடம் அமைந்தால் அதிர்ஷ்டம். கூட்டமான பஸ்சில் உட்கார இடம் கிடைத்தால், அதுவும் அதிர்ஷ்டம்தான்!

இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

இது வடமொழிச் சொல். நீதிக்கு முன்னால் 'அ' சேர்ந்தால் அநீதி. சுத்தத்துக்கு முன்னால் சேர்ந்தால் அசுத்தம். அதுபோல, 'திருஷ்டம்' என்றால் காணப்பட்டது. 'அதிர்ஷ்டம்' என்றால் காணப்படாதது. அவ்வளவுதான்! பணம் என்றோ, நன்மை என்றோ அதில் ஒன்றும் இல்லை.

பூசணிக்காய் உடைத்துக் கழிக்கிறோமே, அந்தத் 'திருஷ்டி' இதற்கு உறவு. கோவிலில் செய்யும் 'தரிசன'மும் உறவுதான். மூன்றும் 'பார்த்தல்' என்ற ஒரே வேரில் பிறந்தவை.

ஊசியும் காந்தமும்

வைசேஷிக சூத்திரம் என்று ஒரு பழைய வடமொழி நூல் உண்டு. கணாதர் எழுதியது என்பார்கள். காந்தத்தை நோக்கி ஊசி ஓடுகிறதே, ஏன்? அந்த நூல் சொல்லும் காரணம், அதிர்ஷ்டம்!

ஊசிக்கு லாட்டரி விழுந்தது என்று அர்த்தம் அல்ல. இழுப்பது எது என்று கண்ணுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். மரத்துக்குள் நீர் மேலே ஏறுவதற்கும் அதே பதில்தான். நேர்மையான பதில் என்றே சொல்ல வேண்டும்!

செய்த வினையின் பலன் மறைந்திருந்து பிறகு வரும் என்று பெரியவர்கள் நம்பினார்கள். அந்த மறைந்த பலனுக்கும் இதே பெயர். அது நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். தமிழில் நல்லது மட்டும் அதில் தங்கிவிட்டது. கெட்டதற்கு 'துர்' சேர்த்து, 'துரதிர்ஷ்டம்' என்கிறோம். வள்ளுவர் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் தந்தார்: ஆகூழ், போகூழ். நல்ல சொற்கள். ஆனால், கடைத்தெருவில் யார் சொல்கிறார்கள்?

தமிழ்நாட்டில் 1968-ல் அரசாங்கமே பரிசுச் சீட்டு தொடங்கியது. கண்ணுக்குத் தெரியாததற்கு நம்பர் போட்டு விற்றார்கள்! 2003-ல் லாட்டரிக்குத் தடை வந்தது.

வந்த நேரம்

கைராசிக்காரர் என்று ஒருவரிடம் கடைக்காரர் முதல் போணி செய்வார். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை.

வீட்டுக்குள் அப்படியா? மருமகள் வந்த மாதம் மகனுக்குச் சம்பளம் உயர்ந்தால், "மகராசி வந்த நேரம்" என்பார் மாமியார். அதே மாதம் பசுமாடு செத்தால்? "இவள் அடியெடுத்து வைத்தாள், எல்லாம் போச்சு!"

மகன் ராத்திரி எல்லாம் படித்துப் பரீட்சை எழுதியதால் சம்பளம் உயர்ந்தது. மாடு நோயில் செத்தது. இரண்டு காரணமும் கண்ணுக்குத் தெரிந்தவை. மருமகள் இரண்டுக்கும் பொறுப்பு அல்ல. ஆனால், பழி வரும்போது அவள்தான் அடுப்படியில் அழுகிறாள்.

புருஷனை இழந்தவளைக் கல்யாண வீட்டில் பின்கட்டில் நிறுத்துவதும் இதே கணக்குத்தான். காய்ச்சலில் செத்தது அவன். 'அதிர்ஷ்டம் கெட்டவள்' என்ற பட்டம் அவளுக்கு!

பெண் பிறந்தால், "மகாலட்சுமி வந்திருக்கிறாள்" என்று சர்க்கரை கொடுப்பார்கள். மூன்றாவதும் பெண் என்றால், மகாலட்சுமியின் பேச்சையே காணோம்! சில ஊர்களில் அந்தக் குழந்தைக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'போதும்பொண்ணு'. இன்னும் சில இடங்களில், 'வேண்டாம்'. பள்ளிக்கூட வாத்தியார் தினமும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அவளும் எழுந்து நின்று, "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும்.