ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் படிக்க அரசு தரும் பணம்



ஏப்ரல் 2-ஆம் தேதி உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள். 2007-ல் ஐக்கிய நாடுகள் சபை இதை அறிவித்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் படிப்புக்கு அரசு பணம் ஒதுக்குகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஆட்டிசம் என்றால் என்ன?

தமிழில் மதியிறுக்கம் என்பார்கள். இது காய்ச்சல் மாதிரி வந்து போகிற நோய் இல்லை. ஒட்டுவாரொட்டியும் இல்லை. மூளை வளர்கிற விதமே கொஞ்சம் வேறாக இருக்கும். சில பிள்ளைகள் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டார்கள். சிலர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள். சிலருக்கு வேட்டுச் சத்தம் கேட்டால் தாங்காது. சாமி குத்தமும் இல்லை, அம்மா வளர்த்ததில் குறையும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1995-ல் வந்த ஊனமுற்றோர் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. அதில் ஆட்டிசம் இல்லை. 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம் சேர்ந்தது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மொத்தம் 21 வகை. அதில் ஆட்டிசமும் ஒன்று. நமக்கெல்லாம் இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயது வரைக்கும்தான். 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ள பிள்ளைகளுக்கு 2016 சட்டப்படி 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு.

எவ்வளவு பணம்?

முன்பு அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 1,200 ரூபாய் வரை ஒதுக்கினார்கள். பிறகு அது 3,000 ஆனது. 2018-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 3,500 ரூபாய் வரை. தமிழ்நாட்டில் 100 ரூபாய்க்கு 60 மத்திய அரசு, 40 மாநில அரசு. அப்படின்னா 3,500-ல் 2,100 அங்கிருந்து, 1,400 இங்கிருந்து. பெண் பிள்ளைகளுக்கு மாதம் 200 வீதம் 10 மாதத்துக்கு உதவித்தொகை தனியாக உண்டு.

இந்த 3,500 அப்படியே கையில் தருகிற பணம் இல்லை. மருத்துவ முகாம், கற்பிக்கும் பொருள்கள், பயிற்சிகள் போன்றவற்றுக்குச் செலவாகும். சிறப்பாசிரியர் சம்பளம் இதில் சேராது, அது தனிக் கணக்கு.

நான் 3,500-ஐ 365-ஆல் வகுத்துப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 9 ரூபாய் 59 பைசா வருது. டீக்கடையில் ஒரு டீ குடிக்கவே அது பத்தாது. அதுவும் எப்போதும் ஒழுங்காக வந்துவிடுவதில்லை. 2024-25-ஆம் ஆண்டு மத்திய அரசின் பங்கு தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றது. அதற்காகத் தமிழக அரசு 2025-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

ஆசிரியர் எத்தனை பேர் வேண்டும்?

தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் உள்ள வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பணியிடங்களை உருவாக்கச் சொல்லி 2025-ல் எல்லா மாநிலங்களுக்கும் மறுபடி உத்தரவு போட்டது.

என்ன செய்ய வேண்டும்?

1. தலைமையாசிரியரிடமோ வட்டார வள மையத்திலோ பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
2. மருத்துவ முகாமுக்குக் கூட்டிப் போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டும்.
3. தனித்துவ அடையாள அட்டைக்குப் பதிய வேண்டும்.
4. பள்ளியில் சேர்த்து, எமிஸ் பதிவில் ஆட்டிசம் என்று குறிக்கச் சொல்ல வேண்டும்.

நாலாவதுதான் ரொம்ப முக்கியம். எத்தனை பிள்ளைகள் பதிவில் இருக்கிறார்களோ அதை வைத்துத்தான் ஆண்டுத் திட்டம் போடுகிறார்கள். பேர் இல்லாத பிள்ளைக்குப் பணமும் இல்லை, ஆசிரியரும் இல்லை. பள்ளிக்கு வரவே முடியாத அளவுக்குக் கடுமையான பாதிப்பு என்றால் வீட்டிலிருந்தே படிக்கவும் 2012-ல் வந்த சட்டத் திருத்தம் வழி செய்கிறது. அதற்கும் பதிவு வேண்டும்.

ஏன் பதிவதில்லை?

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு தம்பி இருக்கிறான். எந்தப் பஸ் எந்த ஊருக்குப் போகும் என்று நம்பரோடு சொல்வான். ஆனால் பள்ளிக்கூடம் போனதில்லை. அவன் அம்மாவிடம் கேட்டேன். "சர்டிபிகேட் வாங்கினா ஊருக்கெல்லாம் தெரிஞ்சுடும் பாப்பா. அப்புறம் இவன் அக்காவை யார் கட்டிக்குவா?" என்றார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர்கள் பயப்படுவது அரசாங்கத்தைப் பார்த்து இல்லை. நம்மைப் பார்த்துத்தான். 'லூசு', 'கிறுக்கு' என்று கூப்பிடுகிற நம் வாயைப் பார்த்துத்தான்.

பணம் தர வேண்டியது அரசு. பிள்ளையை மறைக்காமல் வெளியே கூட்டிவரும் தைரியத்தை அந்த அம்மாக்களுக்குத் தர வேண்டியது நாம். அதற்கு ஒரு பைசா செலவில்லை. உங்கள் தெருவில் இப்படி ஒரு தம்பியோ தங்கையோ இருந்தால் கேலி செய்யாதீர்கள். அவர்கள் வீட்டில் இந்த நாலு விஷயத்தையும் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். வெட்கமாக இருந்தால் நம் ஆசிரியர்களிடம் சொல்லுங்கள், அவர்கள் பேசுவார்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி