காரையில் ஒரு கடற்கரை

அரியலூரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் ஞாயிற்றுக்கிழமை ஆனால் கடற்கரைப் படம் எடுக்கக் கிளம்புகிறான் என்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். டிஸ்பிளே மாற்ற வந்த பையன் ஒருவன் கேட்டே விட்டான். "நம்ம ஊர்ல சுண்ணாம்புக்கல் சுரங்கம் இருக்கு, சிமென்ட் லாரி இருக்கு. கடல் எங்கண்ணே இருக்கு?"

நியாயமான கேள்வி. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக்கும் ஓர் அடி கடலோரம் கிடையாது. ஆனாலும் எனக்குக் கடற்கரை இரண்டு. ஒன்று, ஜெயங்கொண்டம், மீன்சுருட்டி, காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் வழியாகப் போனால் வரும் பரங்கிப்பேட்டை. மற்றது, பெரம்பலூர் மாவட்டத்துக் காரை. அந்தக் கடல் சுமார் பத்துக் கோடி வருஷப் பழசு.

முதலில் தண்ணீர் இருக்கும் கடலைச் சொல்லிவிடுகிறேன். நம் வடக்கு எல்லையை ஒட்டி ஓடும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில்தான் கடலைச் சேர்கிறது. முகத்துவாரம், மீன்பிடிப் படகுகள், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் எல்லாம் பக்கம் பக்கம். கிழக்குக் கடற்கரை என்பதால் சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும். எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள். வானம் வெளுத்துப் போகும், இல்லாவிட்டால் படகு கரிக்கட்டையாகும். திரையில் வானத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் வெளிச்சம் அடங்கும். போனில் எச்டிஆர் என்று ஒன்று இருக்கிறது. கண் இமைக்கும் நேரத்தில் வெவ்வேறு வெளிச்சத்தில் பல படம் எடுத்து ஒன்றாக்கும். அசையாத படகுக்கு அது நல்லது. உடைகிற அலைக்கு அணைத்துவிடுவேன். இல்லாவிட்டால் நுரை இரண்டு இரண்டாகத் தெரியும். என்னைக் கேட்டால் சாயங்காலம் போவதே மேல். வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து படகின் பச்சையிலும் நீலத்திலும் நேராக விழும்.

கிளம்புமுன் ஐதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் அலை முன்னறிவிப்பைப் போனிலேயே பார்த்துக்கொள்வேன். மீனவர்களுக்காக வெளியிடுவது, நமக்கும் உதவும்.

இனி நான் தொழில்காரனாகப் பேச வேண்டிய இடம். 'ஐபி 68, தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது' என்று அலைக்குள் நின்று செல்ஃபி எடுப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும். அந்தச் சோதனை செய்வது நல்ல தண்ணீரில், அதுவும் புதுப் போனில். கடல் தண்ணீர் காய்ந்தாலும் உப்பு போகாமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். காற்றின் ஈரத்தை இழுத்து, மின்சாரம் ஓடும் இடத்தில் செம்பை அரிக்கும். சில நாள் கழித்து 'சார்ஜ் ஏற மாட்டேங்குது' என்று கடைக்கு வரும். பிரித்தால் போர்டில் பச்சைக் களிம்பு. அரிசிக்குள் புதைத்து வைத்தால் உப்பு போகாது. அலை பட்டுவிட்டால் உடனே அணையுங்கள், சார்ஜரில் போடாதீர்கள், அன்றைக்கே சர்வீஸுக்குக் கொடுங்கள். வாடைக்காற்று அடிக்கும் நாளில் அலையைத் தொடாமலே உப்புச் சாரல் லென்ஸில் படியும். சட்டை நுனியால் துடைத்தால் கீறல் விழும். ஈரத்துணியால் முதலில் ஒற்றி எடுங்கள்.

காரையில் இந்தப் பயம் இல்லை. புல்கூடச் சரியாக முளைக்காத, மழை அரித்த களிமண் மேடுகள். சாம்பலும் செம்பழுப்புமாக மடிப்பு மடிப்பாகக் கிடக்கும். டைனோசர் காலத்தில் இந்தியா அண்டார்டிகாவை விட்டு விலகியபோது பள்ளமான கரையோரத்தில் கடல் உள்ளே ஏறி வந்தது. அதன் அடிச்சேறுதான் இந்த மேடு. அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டுப் பிராணிகளும், துப்பாக்கிக் குண்டு மாதிரி இருக்கும் பெலம்னைட்டுகளும் இதில் புதைந்திருக்கின்றன. இரண்டும் கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம். அரியலூர்ப் பக்கம் கல்லங்குறிச்சியில் சிப்பிப் படுகைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அந்தச் சுண்ணாம்புக்கல்தான் சிமென்ட் ஆலைக்குப் போகிறது. தமிழ்நாட்டில் எத்தனையோ வீட்டுச் சுவரில் நம் பழைய கடலின் சிப்பி ஓடு கலந்திருக்கிறது.

இந்தப் பாறைகளை உலகம் படமாகத்தான் முதலில் பார்த்தது. 1840களில் கேய், கன்லிஃப் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் பொறுக்கி அனுப்பியதை வைத்து, 1846இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் லண்டனில் அறிக்கை வெளியிட்டார். பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் பிளான்ஃபோர்டு நம் வட்டாரத்தை நடந்தே அளந்தார். ஸ்டோலிச்கா புதைபடிவங்களைப் பெரிய பெரிய தொகுதிகளாக விவரித்தார். ஒவ்வொரு ஓட்டின் வரியையும் ஓவியர்கள் கையால் வரைந்திருக்கிறார்கள். இன்று அந்த வேலையைப் பாக்கெட்டில் இருக்கும் போன் செய்யும், எடுக்கத் தெரிந்தால்.

உச்சி வெயிலில் எடுத்தால் அம்மோனைட் வெறும் கூழாங்கல். காலை ஏழு மணி வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போதுதான் ஓட்டின் வரிகள் நிழலோடு எழுந்து நிற்கும். ரொம்பக் கிட்டே போனால் போனின் நிழலே விழும், குவியமும் பிடிக்காது. ஒரு முழம் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வையுங்கள். காரைக் களிமண்ணில் ஜிப்சத் துண்டுகள் கண்ணாடிபோல் மின்னும். அவை சட்டத்துக்குள் வந்தால் கேமரா மிரண்டு மற்றதை இருட்டாக்கிவிடும்.

சாத்தனூர்க் கல்மரம் வேறு சிக்கல். 1940இல் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்தது, பின்னாளில் புவியியல் ஆய்வுத்துறையின் முதல் இந்திய இயக்குநர் ஆனவர் அவர்தான். ஆறு அடித்து வந்து கடலில் சேர்த்த மரம், 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகக் கிடக்கிறது. பனோரமா வைத்தால் நேரான மரம் வில்லாக வளையும். நின்ற இடத்தில் போனைத் திருப்புவதால் வரும் கோளாறு. வேலியோரமாக நடந்துகொண்டே, ஒரே தூரத்தில், ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி தனித்தனியாக எடுத்து ஆப்பில் ஒட்ட வேண்டும்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு என்றால், கல்லமேட்டைச் சொல்வேன். அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த பெரிய எலும்புகளுக்கு 1980களின் கடைசியில் யாதகிரி, அய்யாசாமி என்ற புவியியலாளர்கள் புருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவில் உள்ள எலும்பு மட்டும் இரண்டு மீட்டர். இதுவரை தெரிந்த டைனோசர்களிலேயே மிகப் பெரியதாக இருக்கலாம். ஆனால் எலும்புகள் பொடிந்து போயின. 'அது எலும்பே இல்லை, கல்லான மரம்' என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். 2022இல் அய்யாசாமியும் இன்னொரு ஆய்வாளரும் அந்தக் காலத்தில் எடுத்த ஒளிப்படங்களை வெளியிட்ட பிறகுதான் பேச்சு திரும்பியது. பொருள் போய்விட்டது, படம் வாதாடுகிறது.

அதனால் நான் புதைபடிவத்தைப் பெயர்ப்பதில்லை, படம்தான் எடுக்கிறேன். பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் ஒன்றை வைப்பேன். குறுக்களவு 27 மில்லிமீட்டர், புழக்கத்தில் இருக்கும் எந்தப் பத்து ரூபாய் நாணயமானாலும் அதே அளவு. பல கடைகளில் வாங்க மறுக்கும் காசு, இங்கே அளவுகோலாகச் செல்லுபடியாகிறது. ஒன்று நாணயத்தோடு, ஒன்று நாணயம் இல்லாமல், ஒன்று சுற்றியுள்ள மேடு தெரிய. இருப்பிட வசதியை எடுக்கும்போது போட்டு வைப்பேன். எந்த மேடு என்று பிறகு நினைவில் இருக்காது. சுரங்கத்துக்குள் அனுமதி இல்லாமல் போவதே இல்லை.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், இருப்பிடமும் உதிர்ந்துவிடும். ஊர்க் குழுக்களுக்கு அதுவே நல்லது. இடம் தெரிந்தால் மறுநாளே சுத்தியலோடு ஆள் போய்விடுகிறது. கல்லூரியிலிருந்தோ வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்திலிருந்தோ யாராவது கேட்டால், அப்போது மட்டும் டாக்குமெண்டாக, இடத்தோடு, முழுசாக அனுப்புவேன்.