முன்பணம் கேட்கும் பரிசுகள்

"உங்கள் மின்னஞ்சல் முகவரி குலுக்கலில் தேர்வாகியுள்ளது. பரிசு 5 கோடி ரூபாய்." இத்தகைய அஞ்சலைப் பெரும்பாலோர் சிரித்துவிட்டு அழித்துவிடுகிறோம். அனுப்பியவருக்கு அதனால் நட்டமில்லை. பலருக்கு அனுப்பியதில் எங்கோ ஒருவர் பதில் எழுதினால் போதும்.

இந்தத் தந்திரம் மின்னஞ்சலுக்கு முந்தையது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'ஸ்பெயின் சிறைக்கைதி' என்ற பெயரில் கடிதங்கள் உலவின. சிறையில் வாடும் செல்வந்தரை மீட்கப் பணம் அனுப்பினால், விடுதலையானதும் அவர் பெரும்பங்கு தருவார் என்பது கதை. இன்று கைதிக்குப் பதிலாக லாட்டரி, வெளிநாட்டு வேலை, வாரிசில்லாதவரின் சொத்து என்று கதை மாறியிருக்கிறது. நைஜீரியக் குற்றவியல் சட்டப் பிரிவின் எண்ணைக் கொண்டு இதை '419 மோசடி' என்றும் அழைப்பர்.

முதலில் பதிவுக் கட்டணம் என்று சிறுதொகை கேட்பார்கள். கட்டியதும் சுங்கவரி, பிறகு வங்கிச் சான்று என்று தொகை ஏறும். 'இப்போது விட்டால் கட்டியதும் போய்விடுமே' என்ற எண்ணமே அடுத்த தொகையைக் கட்ட வைக்கிறது. படித்தவர்களும் சிக்குவது இந்த இடத்தில்தான்.

அஞ்சல் வந்தால் நான்கு கேள்விகள் கேட்போம்:

1. நான் விண்ணப்பிக்காத ஒன்று எனக்கு எப்படிக் கிடைத்தது?
2. பணம் தருபவர் என்னிடம் ஏன் முதலில் பணம் கேட்கிறார்?
3. ஏன் இவ்வளவு அவசரம்?
4. யாரிடமும் சொல்லக்கூடாது என்பது ஏன்?

ரிசர்வ் வங்கி தனிநபர்களுக்குப் பரிசுப்பணம் தருவதாக அஞ்சல் அனுப்புவதில்லை. வெளிநாட்டு லாட்டரியில் பங்கேற்கப் பணம் அனுப்புவது அந்நியச் செலாவணிச் சட்டப்படி தடை செய்யப்பட்டது.

நம் மாணவர்களின் பெற்றோரிடம் இதே மோசடி 'உதவித்தொகை வந்திருக்கிறது' என்ற குறுஞ்செய்தியாகவும் வரலாம். பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண்ணை உள்ளிடத் தேவையில்லை என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவைப்போம். வகுப்பில் ஒரு மாதிரி அஞ்சலைக் கரும்பலகையில் எழுதி, சந்தேகமான சொற்களை மாணவர்களையே அடிக்கோடிடச் செய்யலாம்.

பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். அஞ்சலையும் பணம் அனுப்பிய விவரத்தையும் அழிக்கக் கூடாது. வெட்கத்தில் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மோசடிக்காரருக்கே உதவுகிறது. எனவே ஏமாந்ததாக ஒரு மாணவரோ சக ஆசிரியரோ நம்மிடம் வந்து சொன்னால், கடிந்துகொள்ளாமல் முதலில் அந்த எண்ணை அழைக்க உதவுவோம்.