இஃப் போட்டேன், ஏமாந்தேன்!



ஆண்டு மலருக்குக் கவிதை எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பட்ட பாட்டையே கட்டுரையாக எழுதிவிடலாம் என்று துணிந்துவிட்டேன்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் அப்பா மூட்டை தூக்குகிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். சாயங்காலம் பக்கத்தில் ஒரு டைப்பிங், ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். செமஸ்டர் ஃபீஸ் அதில்தான் ஓடுகிறது. ஒருநாள் கடை அண்ணன், "தம்பி, நீ கம்ப்யூட்டர்தானே படிக்கிற? ராத்திரி கடை சாத்தும்போது எல்லா ஃபைலும் தானா பென் டிரைவுக்குப் போற மாதிரி ஒண்ணு செஞ்சு குடேன்" என்றார்.

இதற்குப் பேட்ச் ஃபைல் போதும். நோட்பேடில் கட்டளைகளை வரிசையாக எழுதி, பெயரின் கடைசியில் 'டாட் பேட்' என்று போட்டுச் சேமித்தால் முடிந்தது. 1981-ல் ஐ.பி.எம். பெர்சனல் கம்ப்யூட்டரோடு வந்த டாஸ் காலத்துச் சங்கதி. இன்றைய விண்டோஸிலும் சிஎம்டி-யில் ஓடுகிறது. கட்டளைகளை இங்கே தமிழில் எழுதுகிறேன், தட்டும்போது இங்கிலீஷில் தட்டிக்கொள்ளுங்கள். முதல் வரியில் எக்ஸ்காப்பி. அடுத்த வரி இது:

இஃப் எரர்லெவல் 0 எக்கோ காப்பி முடிந்தது

ஒரு கட்டளை முடிந்ததும் பின்னால் ஒரு எண்ணை விட்டுச் செல்லும், அதுதான் எரர்லெவல். எக்ஸ்காப்பி நல்லபடி முடித்தால் 0. காப்பி பண்ண ஃபைலே இல்லையென்றால் 1. டிரைவ் தவறு, இடம் போதவில்லை என்றால் 4. எழுதும்போது டிஸ்க் தகராறு செய்தால் 5. ஆக, 0 என்றால் வெற்றி. நான் எழுதியது சரிதானே?

சரியில்லை! மூன்று வாரம் தினமும் ராத்திரி 'காப்பி முடிந்தது' என்றே வந்தது. நானும் அண்ணனிடம் அப்படியே சொன்னேன். பிறகு கடை ஹார்டு டிஸ்க் படுத்துவிட்டது. பென் டிரைவைத் திறந்தால் மூன்று வாரத்துக்கு முந்தைய ஃபைல்கள்தான். அது வேறு சொருகியில் மாட்டப்பட்டு, இ என்ற எழுத்து எஃப் ஆகியிருக்கிறது. எக்ஸ்காப்பி தினமும் 4 என்று கத்தியிருக்கிறது. பி.எட். படிக்கும் ஒரு அக்காவின் 84 பக்க ரெக்கார்டு அதோடு போச்சு. "நீதானப்பா முடிஞ்சிருச்சுன்னு சொன்ன?" என்றார் அண்ணன். நான்கு ராத்திரி கூலியில்லாமல் உட்கார்ந்து திரும்ப டைப் அடித்துக் கொடுத்தேன். அம்மா கேட்டது: "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாடா?"

சொல்லவில்லை. என் கேள்விதான் கோணல். 'இஃப் எரர்லெவல் 0' என்றால் 'எண் 0-தானா?' என்று அர்த்தமில்லை. '0 அல்லது அதற்கு மேலா?' என்று அர்த்தம். ஓட்டுப் போட 18 வயசு ஆச்சா என்று கேட்டால் அறுபது வயசுத் தாத்தாவும் ஆமா என்பார் இல்லையா? 0 வயசு ஆச்சா என்று கேட்டால் நேற்றுப் பிறந்த பிள்ளைக்கும் ஆமாதான். 4 வந்தாலும் 5 வந்தாலும் என் வரி 'முடிந்தது' என்றே காட்டும். அதனால் தனித்தனியாகப் பார்ப்பதென்றால் பெரிய எண்ணிலிருந்து இறங்க வேண்டும்: முதலில் 5, பிறகு 4, பிறகு 1, ஒவ்வொன்றிலும் 'கோட்டோ' போட்டு விலகிவிட வேண்டும். வெற்றியை மட்டும் கேட்க 'இஃப் நாட் எரர்லெவல் 1' போதும். விண்டோஸ் என்.டி. வழியில் வந்த சிஎம்டி-யில் 'இஃப் %எரர்லெவல்% இக்யூ 0' என்று நேராகவே கேட்கலாம்.

எழுத்து மாறும் தொல்லை தனி. 'இஃப் எக்ஸிஸ்ட் இ:' என்று பார்த்தால் மட்டும் போதாது. வாடிக்கையாளர் பென் டிரைவும் இ ஆக வந்து உட்காரும், கடை ஃபைலெல்லாம் அவரோடு பஸ் ஏறிவிடும்! அதனால் எங்கள் பென் டிரைவில் 'கடை' என்று ஒரு வெற்று ஃபைல் போட்டு வைத்தேன். அது இருந்தால்தான் காப்பி.

புத்தி வந்துவிட்டது என்று நினைத்து ரோபோகாப்பிக்கு மாறினேன். இப்போது தலைகீழ்: ஃபைல் ஒழுங்காகப் போகிறது, திரையில் தினமும் 'தோல்வி'! ரோபோகாப்பிக்கு 1 என்றால் ஃபைல்கள் போய்ச் சேர்ந்தன. 0 என்றால் புதிதாகக் காப்பி பண்ண ஒன்றுமில்லை. 8-லிருந்துதான் உண்மையான தோல்வி. 'இஃப் எரர்லெவல் 8' என்று மாற்றினேன். இந்த இடத்தில் பழைய 'அதற்கு மேலா?' குணமே கைகொடுத்தது. 16 வந்தாலும் பிடித்துவிடும்.

இன்னொன்று. அடைப்புக்குறிக்குள் பல வரிகளைக் கட்டினால், உள்ளே இருக்கும் %எரர்லெவல்% அந்தக் கட்டு ஓடத் தொடங்கும் முன்பே பழைய எண்ணாக நிரப்பப்பட்டுவிடும். பழைய 'இஃப் எரர்லெவல்' அப்படி ஏமாறாது. 'எல்ஸ்' போடுவதானால் மூடும் அடைப்புக்குறி உள்ள அதே வரியில் போடுங்கள். கீழே இறக்கினால் சிஎம்டி முழிக்கும்.

இப்போது சனிக்கிழமை ராத்திரி மட்டும் பென் டிரைவை வேண்டுமென்றே கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கிறேன். 'தோல்வி' என்று வந்த பிறகுதான் அதை மாட்டி மறுபடி ஓட்டிவிட்டு ஷட்டரை இறக்குகிறோம். "நல்லா ஓடுறதைப் போய் கெடுத்துப் பாக்குறியே" என்று அண்ணன் சிரிக்கிறார்.