ஹொசகோட்டேயில் கை, ஹான்லேயில் கண்

இரவைப் பிடிப்பவர்கள் – 7

2023 மே 19 அன்று ஜப்பானின் யமகாதாவைச் சேர்ந்த கோயிச்சி இதகாகி, தாம் எடுத்த வானப் படம் ஒன்றில் புதிதாக ஒரு புள்ளி முளைத்திருப்பதைப் பார்த்தார். வானியல் அவருக்குத் தொழில் அல்ல. ஆனால் சூப்பர்நோவா எனப்படும் விண்மீன் வெடிப்பு விஷயத்தில் அவர் பெயரைச் சொன்னால் தொழில்முறை வானியலர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். மெஸ்ஸியர் 101 என்ற கேலக்ஸியில், இரண்டு கோடி ஒளியாண்டுக்குச் சற்று அப்பால், ஒரு பெரிய விண்மீன் வெடித்திருந்தது. வானியல் கணக்கில் இது மிக அருகில் நடந்த சம்பவம். எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப் என்று பெயர் சூட்டப்பட்ட அந்தப் புள்ளியை நோக்கி உலகெங்கும் தொலைநோக்கிகள் திரும்பின. விடாமல் பின்தொடர்ந்தவற்றில் லடாக்கின் ஹான்லேயில் உள்ள இமாலய சந்திரா தொலைநோக்கியும் ஒன்று. பெயரில் இருக்கும் ‘சந்திரா’, நோபல் பரிசு பெற்ற சுப்ரமணியன் சந்திரசேகர்தான்.

அந்தத் தொலைநோக்கியை இயக்குகிறவர் லடாக்கில் இருப்பதில்லை. பெங்களூரை அடுத்த ஹொசகோட்டேயில், இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வளாகத்தில், கணினித் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் கண்ணாடிக்கும் இடையே சுமார் 2,200 கிலோமீட்டர்.

ஏன் இந்தச் சுற்றுவழி? ஹான்லே மலை 4,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பத்தில் ஆறு பங்குகூட இல்லை. குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்கு வெகு கீழே போகும். சமவெளியிலிருந்து போகிற ஒருவர், உடம்பு பழகுவதற்கு லே நகரில் சில நாள் தங்காமல் மேலே ஏறக் கூடாது. ஏறினாலும் இரவு முழுக்க விழித்துக் கணக்குப் போடும் அளவுக்கு மூளை ஒத்துழைக்காது. ஆனால் மனிதருக்கு ஆகாத அந்த இடம்தான் தொலைநோக்கிக்குச் சொர்க்கம். காற்று வறண்டது, மழையும் பனியும் சேர்த்து ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கும் குறைவு. சென்ற வாரம் பார்த்த காவலூர் வானாய்வகத்தில் பருவமழை மாதங்கள் பெரும்பாலும் வீண். ஹான்லேயிலோ ஆண்டில் ஏறக்குறைய 260 இரவுகள் வேலைக்கு உதவும். அவற்றில் சுமார் 190 இரவுகள் துளி மேகமும் இல்லாதவை. இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் பின்னால் தேவைப்படும்.

2 மீட்டர் கண்ணாடி கொண்ட இத்தொலைநோக்கி 2000 செப்டம்பரில் முதல் ஒளியைக் கண்டது. 2001-ல் செயற்கைக்கோள் இணைப்பு வழியே ஹொசகோட்டேயிலிருந்து இயக்கத் தொடங்கினார்கள். மலையில் பொறியாளர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும் இருக்கிறார்கள். கேமராவுக்குத் திரவ நைட்ரஜன் நிரப்புவது போன்ற, தொலைவிலிருந்து செய்ய முடியாத வேலைகள் அவர்கள் பொறுப்பு.

வேலை இருட்டிய பிறகு ஆரம்பிப்பதில்லை. சூரியன் மறையும்போதே கூண்டு திறக்கப்படுகிறது. பகலில் உள்ளே தங்கிய வெதுவெதுப்பு வெளியேறினால்தான் கண்ணாடிக்கு மேலே காற்று கலங்காமல் இருக்கும். அந்த நேரத்தில் வானியலர் முதல் படங்களை எடுக்கத் தொடங்கிவிடுவார். அவற்றில் விண்மீன் ஒன்றுகூட இருக்காது. இருந்தால்தான் பிரச்சினை.

முதலில் எடுப்பது கேமரா மூடியே இருக்கும் நிலையில், பூஜ்ய விநாடிப் படம். ஒளியே இல்லாத இந்தப் படத்தை வாசித்தாலும் ஒவ்வொரு பிக்சலிலும் ஓர் எண் வரும். கருவியின் மின்சுற்று தன் பங்குக்குச் சேர்க்கும் அடிப்படை எண் அது, ‘பயாஸ்’ என்பார்கள். இரவின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் இதைப் பல முறை எடுத்து, பின்னர் மற்றப் படங்களிலிருந்து கழிப்பதற்காக வைத்துக்கொள்வது வழக்கம். அடுத்தது அந்தி வானம். விண்மீன்கள் தலைகாட்டுமுன், நீலம் மங்கிக்கொண்டிருக்கும் வெற்று வானத்தைப் படமெடுக்க வேண்டும். வானம் சீராக ஒளிர்வதால் படமும் சீராக வர வேண்டும். ஆனால் வராது. ஒரு பிக்சல் பக்கத்துப் பிக்சலைவிடச் சற்று மந்தம். ஓரம் நடுவைவிட இருட்டு. ஃபில்டரில் ஒட்டிய தூசி ஒவ்வொன்றும் வளையமாகத் தெரியும். ‘ஃப்ளாட்’ எனப்படும் இந்தப் படத்தால் பின்னர் ஒவ்வொரு வானப் படத்தையும் வகுத்தால்தான் இந்த ஏற்றத்தாழ்வுகள் போகும்.

இதற்குக் கிடைப்பது கால் மணி நேரம், மிஞ்சினால் இருபது நிமிடம். முந்தினால் வெளிச்சத்தில் கேமரா நிரம்பி வழியும், பிந்தினால் விண்மீன்கள் வந்துவிடும். அதற்குள் ஐந்து ஃபில்டர்களிலும் எடுத்தாக வேண்டும். கேமராவுக்குக் கூர்மை குறைந்த புறஊதாப் பக்கத்து ஃபில்டரை வானம் பளிச்சென்றிருக்கும்போதே முடித்துவிடுவார்கள். ஒவ்வொரு படத்துக்கும் இடையில் தொலைநோக்கியைக் கொஞ்சம் நகர்த்துவதும் உண்டு. ஏதாவது விண்மீன் பதிந்திருந்தாலும் ஒரே இடத்தில் விழாமல், சராசரியில் காணாமல் போய்விடும். வேடிக்கை பார்ப்பவருக்கு அலுப்பூட்டும் இந்த இருபது நிமிடம்தான் அனுபவசாலியையும் புதியவரையும் பிரித்துக் காட்டுகிறது. இங்கே சோம்பியவரின் படத்தை விடியற்காலையில் எந்த மென்பொருளாலும் முழுதாகக் காப்பாற்ற முடியாது.

கேமராவின் உள்ளே என்ன இருக்கிறது? சிசிடி எனப்படும் சிலிக்கான் சில்லு. 1969-ல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கியது. அதற்கு 2009-ல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 1976-ல் அரிசோனாவில் பிராட்ஃபோர்டு ஸ்மித்தும் ஜேம்ஸ் ஜேன்சிக்கும் வியாழன், சனி, யுரேனஸ் கோள்களை இதன் மூலம் படமெடுத்தபோது வானியலர்களுக்கு ஆசை பிறந்தது. காரணம் எளிது. பழைய ஒளிப்படத் தகட்டில் 100 ஃபோட்டான் விழுந்தால் ஒன்றிரண்டுதான் பதிவாகும். நல்ல சிசிடி 80, 90 வரை பிடித்துவிடும்.

விழும் ஃபோட்டான் சிலிக்கானில் ஓர் எலக்ட்ரானை விடுவிக்கிறது. திறப்பு நேரம் முழுவதும் அந்தந்தப் பிக்சலில் எலக்ட்ரான்கள் சேர்ந்துகொண்டே இருக்கும். ஷட்டர் மூடியதும், கட்டட வேலையில் சித்தாட்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றிவிடுவதுபோல, ஒவ்வொரு பிக்சலும் தன் சுமையை அடுத்ததற்குத் தள்ளும். வரிசை முனையில் இருக்கும் பெருக்கி எண்ணிக் கணக்கெழுதும். ஹான்லேயில் படமெடுப்பது எச்எஃப்ஓஎஸ்சி என்று சுருக்கமாக அழைக்கப்படும் கருவி. அதில் படத்துக்குப் பயன்படும் பகுதி 2048-க்கு 2048 பிக்சல். மொத்தம் சுமார் 42 லட்சம். ஒரு பிக்சலைக் கணக்கெழுதும்போது நேரும் பிழை ஐந்து எலக்ட்ரானுக்கும் குறைவு. வெப்பத்தாலும் எலக்ட்ரான்கள் தாமாகக் கிளம்பும் என்பதால்தான் திரவ நைட்ரஜன். உறைநிலைக்கு 100 டிகிரி அளவுக்குக் கீழே வைத்தால் அந்தத் தொல்லை ஏறக்குறைய நின்றுவிடும்.

இனி வானம். கணினியில் விண்மீன் முகவரியைக் கொடுத்தால் தொலைநோக்கி திரும்பிவிடும். ஆனால் திரும்பிய இடம் சரிதானா என்று ஒரு சிறு படம் எடுத்து, வரைபடத்துடன் ஒப்பிட்டுப் பார்க்காமல் யாரும் அடுத்த அடி வைப்பதில்லை. பிறகு குவியம். இரவு குளிரக் குளிர இரும்புச் சட்டம் சுருங்கும், இரண்டாவது கண்ணாடியின் இடைவெளி மாறும், விண்மீன் வீங்கும். கண்ணாடியைச் சிறிது சிறிதாக நகர்த்தி வரிசையாகப் படமெடுத்து, எதில் விண்மீன் மிகச் சிறுத்திருக்கிறதோ அந்த இடத்தில் நிறுத்துவார்கள். ஒரு பிக்சல் வானத்தில் 0.3 வில்விநாடி, ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3,600-ல் ஒரு பங்கு. காற்று அமைதியாக இருக்கும் இரவில் விண்மீன் மூன்று நான்கு பிக்சல் அகலத்தில் அடங்கும். அது ஏழெட்டாகிவிட்டால் குவியமோ காற்றோ கெட்டுவிட்டது என்று பொருள். எது என்று கண்டுபிடிப்பதற்குள் பொன்னான நேரம் போய்விடும்.

இந்தத் தொலைநோக்கி மேலும் கீழும், இடமும் வலமும் நகரும் வகை. பூமி சுழல்வதால், அப்படிப்பட்ட தொலைநோக்கியில் வானம் மெல்லச் சுற்றுவதுபோல் தெரியும். ஆகவே படமெடுக்கும்போது கருவியும் அதற்கு ஈடாகச் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும்.

அடுத்த கேள்வி: எத்தனை விநாடி? ஃபோட்டான்கள் சீராக வருவதில்லை. 10,000 எண்ணினால் 100 கூடக்குறைய இருக்கும், அதாவது ஒரு சதவீதப் பிழை. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஒளி வேண்டும். அப்படியானால் நீண்ட நேரம் திறந்து வைத்துவிடலாமே? இதகாகியின் சூப்பர்நோவா அதற்கும் இடம் தரவில்லை. கண்டுபிடித்தபோது ஏறத்தாழ 15-ஆம் பருமனில் இருந்தது, சில நாள்களில் 11-ஐ எட்டியது (பருமன் எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும்). அந்த வெளிச்சத்தை 2 மீட்டர் கண்ணாடி வாங்கினால் நடுப்பிக்சல் சில விநாடிகளிலேயே நிரம்பிவிடும். நிரம்பிய பிக்சல் பொய் சொல்லும். இன்னும் போனால் அண்டைப் பிக்சல்களுக்கும் வழிந்து கோடு கிழிக்கும். நேரத்தைக் குறைத்தால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய பக்கத்து மங்கல் விண்மீன்கள் சரியாகப் பதியாது. ஷட்டர் திறந்து மூடும் நேரமே கணக்கில் ஒரு பிழையாகிவிடும். தொலைநோக்கி பெரிதாக இருப்பதே தொந்தரவாக மாறிய இரவுகள் அவை. மாதங்கள் கழித்து அதே பொருள் மங்கியபோது திறப்பு நேரம் விநாடிகளிலிருந்து நிமிடங்களுக்கு நீண்டது.

சிசிடிக்கு நிறம் தெரியாது. பத்திரிகைகளில் வரும் வண்ணப் படங்கள், வெவ்வேறு ஃபில்டரில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களுக்குப் பின்னால் நிறம் கொடுத்து அடுக்கியவை. ஆய்வாளருக்குத் தேவை வண்ணமல்ல, ஒவ்வொரு ஃபில்டரிலும் எவ்வளவு ஒளி என்ற எண். அந்த எண்ணுக்கு அளவுகோல் தந்தவர் அமெரிக்கரான ஆர்லோ லாண்டோல்ட். வான நடுவரையை ஒட்டிய விண்மீன்களைப் பல்லாண்டுகள் பொறுமையாக அளந்து, 1992-ல் 526 விண்மீன்களின் பட்டியலை வெளியிட்டார். ஆய்வாளர் தன் பொருளைப் படமெடுக்கும் இரவில் இவற்றில் சிலவற்றையும், தலைக்கு மேலே இருக்கும்போதும் சாய்ந்திருக்கும்போதும், எடுத்துவைத்தால் காற்று எவ்வளவு ஒளியைத் தின்றது என்று தெரியும். இங்கேதான் 260-க்கும் 190-க்கும் உள்ள வித்தியாசம். மெல்லிய மேகம் ஓடும் இரவில் நிறமாலை, அதாவது ஒளியை நிறவாரியாகப் பிரித்த பதிவு, எடுக்கலாம். அதே சட்டத்தில் இருக்கும் விண்மீன்களோடு ஒப்பிட்டும் சமாளிக்கலாம். அளவுகோலை அமைக்க மட்டும் துளி மேகமில்லாத இரவு வேண்டும்.

ஒவ்வொரு படத்தையும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை எடுப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அவ்வளவு உயரத்தில் காஸ்மிக் கதிர்கள் அதிகம். அவை சில்லில் மோதி விண்மீன்போலப் புள்ளியும் கோடும் போடும். அடுத்த படத்தில் அதே இடத்தில் இருக்காது என்பதால் ஒப்பிட்டு நீக்கிவிடலாம். ஒரே ஒரு படத்தை நம்பி ‘புதிய விண்மீன்’ என்று கூவுவது வானியலில் வயிற்றைக் கலக்கும் காரியம்.

ஒரு குறை மட்டும் எந்தத் திருத்தத்துக்கும் அடங்கவில்லை. எச்எஃப்ஓஎஸ்சி ஒரு தடவையில் பார்ப்பது வானில் 10-க்கு 10 வில்நிமிடச் சதுரம். மெஸ்ஸியர் 101-இன் குறுக்களவோ கிட்டத்தட்ட முழுநிலா அளவு, 28 வில்நிமிடத்தைத் தொடும். சூப்பர்நோவா இருந்த சுருள்கை மட்டும்தான் உள்ளே அடங்கியது. முழு கேலக்ஸியையும் ஒரே சட்டத்தில் பிடித்தது அதே மலையில் இருக்கும் இன்னொன்று: 2018-இல் இயங்கத் தொடங்கிய 0.7 மீட்டர் ‘க்ரோத்-இந்தியா’ தொலைநோக்கி. கண்ணாடி சிறிது, பார்வைப்பரப்பு 0.7 பாகை. இந்திய வான் இயற்பியல் நிறுவனமும் மும்பை ஐஐடியும் சேர்ந்து அமைத்த இதன் கேமரா மின்சாரத்தாலேயே குளிர்கிறது, நைட்ரஜன் வேண்டாம். இதை இயக்க ஹொசகோட்டேயிலும் யாரும் உட்கார வேண்டியதில்லை. எதை எப்போது எடுப்பது, எத்தனை விநாடி, எந்த ஃபில்டர் என்பதை மென்பொருளே வரிசைப்படுத்துகிறது. எங்காவது ஒரு வெடிப்புச் செய்தி வந்தால் நடந்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்தி அந்தப் பக்கம் திரும்புவதும் அதற்குத் தெரியும்.

(அடுத்த இதழில்: ஆளில்லாத் தொலைநோக்கிக்கு யார் உத்தரவு போடுகிறார்கள்?)