கைப்பேசியில் மணி அடிக்கவில்லையா?

உழவுக் கருவிகளின் வரிசையில் இன்று கைப்பேசியையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். நெல் அறுவடைக் காலத்தில் அறுவடை இயந்திரத்தின் ஓட்டுநர் விடியற்காலை 5 மணிக்கு, "இன்று உங்கள் ஊருக்கு வருகிறேன், வயல் தயாரா?" என்று கேட்க அழைக்கிறார். மணி கேட்கவில்லை. இயந்திரம் வேறு வயலுக்குப் போய்விடுகிறது. அது திரும்பி வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டால் சாய்ந்த கதிர் வயலிலேயே முளைத்துவிடும். வாழைத்தார் வியாபாரியின் அழைப்பும் சினை மாட்டைப் பார்க்க வரும் கால்நடை மருத்துவரின் அழைப்பும் இவ்வாறே தவறிப்போவதுண்டு.

இலை மஞ்சளானதும் காரணம் பாராமல் யூரியாவைத் தூக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. தழைச்சத்துக் குறைந்தாலும் இரும்புச்சத்துக் குறைந்தாலும் வேரில் நீர் தேங்கினாலும் இலை மஞ்சளாகத்தான் தோன்றும். மணி அடிக்காத கைப்பேசியும் அப்படியே. காரணம் பலவாக இருக்க, "போன் கெட்டுவிட்டது" என்று கடைக்கு எடுத்துச் செல்வது வீண் செலவில் முடியும். பெரும்பாலான நேரங்களில் பழுது கருவியில் இல்லை, அமைப்பில்தான் இருக்கும்.

முதலில் ஒரு சோதனை

கைப்பேசியை மேசை மேல் திரை மேலாக வையுங்கள். வீட்டில் உள்ள ஒருவரை வேறொரு போனிலிருந்து அழைக்கச் சொல்லுங்கள். அழைப்பவர் காதில் என்ன கேட்கிறது, உங்கள் போனின் திரை எரிகிறதா, போன் அதிர்கிறதா என்ற மூன்றையும் கவனியுங்கள். அழைப்பவருக்கு மணி கேட்டு, உங்கள் திரையும் எரிந்து, ஒலி மட்டும் இல்லையெனில் அழைப்பு வந்து சேர்ந்துவிட்டது. கோளாறு உங்கள் கைக்குள் இருக்கிறது. அழைப்பவருக்கு "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்ற குரல் கேட்டால், அழைப்பே வந்து சேரவில்லை என்று பொருள். அந்த நிலையில் ஒலியை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை.

திரை எரிகிறது, ஒலி இல்லை

மிகுதியாகக் காணப்படுவது இதுவே. பக்கவாட்டு ஒலிப் பொத்தானை அழுத்தி முழு அளவுக்கு ஏற்றியும் மணி கேட்கவில்லை என்று பலர் சொல்வதுண்டு. போனில் பாட்டு, படம் ஆகியவற்றின் ஒலி வேறு. அழைப்பு மணியின் ஒலி வேறு. 2018-ஆம் ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் பெரும்பாலான போன்களில் பக்கப் பொத்தான் பாட்டின் ஒலியைத்தான் கூட்டிக் குறைக்கிறது. ஆகவே பாட்டு அலறும், மணி ஊமையாக இருக்கும்! பொத்தானை ஒருமுறை அழுத்தியதும் திரையின் ஓரத்தில் ஒரு பட்டை தோன்றும். அதையொட்டி உள்ள சிறு புள்ளிகளை அல்லது குறியைத் தொட்டால் பட்டைகள் தனித்தனியே விரியும். அவற்றில் மணிக்குரியதை மேலே தள்ள வேண்டும். இது கைவராவிட்டால் செட்டிங்ஸ் பகுதியில் சவுண்ட் என்பதைத் திறந்து ரிங் வால்யூம் என்ற பட்டையைப் பாருங்கள். சைலன்ட், வைப்ரேட் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் மாற்றிவிடலாம். பழைய ஐபோன்களில் இடப்பக்கம் ஒரு சிறு விசை உண்டு. அதில் ஆரஞ்சு நிறம் தெரிந்தால் மணி அடக்கப்பட்டிருக்கிறது.

மணி ஒலியாக நீங்கள் விரும்பி வைத்த பாட்டு மெமரி கார்டில் இருந்து, பிறகு கார்டைக் கழற்றியிருந்தாலும் சில போன்கள் மௌனமாகிவிடும். போனோடு வந்த மணி ஒலி ஒன்றைத் தேர்ந்து வைத்துப் பாருங்கள்.

ஒரே ஒருவர் அழைக்கும்போது மட்டும் மணி இல்லையென்றால் அவருடைய எண்ணுக்குத் தனி மணி வைக்கப்பட்டிருக்கிறதா, அந்த எண் தடைப் பட்டியலில் சேர்ந்துவிட்டதா என்று பாருங்கள். பெயர் பதியாத எண்களை அடக்கிவிடும் வசதியும் உண்டு. தொல்லை அழைப்புகளுக்கு அஞ்சி அதை இயக்கி வைப்போர், புதிய வியாபாரியின் அழைப்பையும் சேர்த்தே இழக்கிறார்கள்.

இரவிலும் விடியலிலும் மட்டும் ஒலிக்காத போன்

நண்பகலில் சோதித்தால் மணி நன்றாக அடிக்கிறது. விடியலில் வந்த அழைப்புகளோ தவறியவையாகக் கிடக்கின்றன. இதற்குக் காரணம் பெரும்பாலும் டு நாட் டிஸ்டர்ப் என்னும் 'தொந்தரவு செய்யாதே' வசதிதான். திரையின் மேல் வரிசையில் வட்டத்துக்குள் ஒரு சிறு கோடு, அல்லது பிறைநிலாக் குறி தெரியும். சில போன்களில் இது இயங்கும்போது அழைப்பு வந்தாலும் திரைகூட எரிவதில்லை. இதற்கு நேர அட்டவணையும் வைக்கலாம். வீட்டுப் பிள்ளைகள் இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை என்று வைத்துக் கொடுத்திருப்பார்கள். நகரத்து வேலைக்கு அது பொருந்தும். 4 மணிக்கே மாட்டுத் தொழுவத்துக்குப் போகிறவருக்கு அது பொருந்தாது. ஷெட்யூல், பெட் டைம் என்ற தலைப்புகளில் தேடி, நேரத்தை மாற்றலாம் அல்லது அறவே நீக்கலாம்.

தூக்கமும் வேண்டும், முக்கிய அழைப்பும் வேண்டும் என்போருக்கு இதிலேயே வழி இருக்கிறது. தேவையான எண்களுக்கு நட்சத்திரக் குறி இட்டு, அவர்களுடைய அழைப்பை மட்டும் அனுமதிக்கலாம். மீண்டும் அழைப்பவரை அனுமதிக்கும் வசதியும் உண்டு. ஒரே எண்ணிலிருந்து ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள், ஐபோனில் 3 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைப்பு வந்தால் மணி அடிக்கும். 1909 என்ற எண்ணில் விளம்பர அழைப்பைத் தடுக்கப் பதிவு செய்வது வேறு. அதனால் உங்கள் போன் மணி அடங்காது.

ஒலிபெருக்கித் துளை

அமைப்பெல்லாம் சரியாக இருந்தும் ஒலி இல்லையெனில் ஒரு பாட்டைப் போட்டுப் பாருங்கள். பாட்டு கேட்டால் ஒலிபெருக்கி நலமாக இருக்கிறது. மேலே சொன்ன அமைப்புகளை மறுபடி பார்க்க வேண்டும். பாட்டும் கேட்காவிட்டால் முதலில் புளூடூத்தை அணையுங்கள். டிராக்டரின் பாட்டுப் பெட்டியோடோ காதுக் கருவியோடோ போன் இணைந்திருக்கக்கூடும். ஹெட்போன் செருகாமலே அதன் குறி திரையில் தெரிந்தால், செருகுதுளையில் ஈரமோ அழுக்கோ இருக்கலாம்.

களத்தில் தூற்றும்போதும் தீவனம் அரைக்கும்போதும் சட்டைப்பையில் கிடக்கும் போனின் துளைகளில் உமித்தூசியும் தவிடும் வியர்வையோடு சேர்ந்து அடைத்துக்கொள்ளும். போனை அணைத்து, துளை கீழ்நோக்கி இருக்கப் பிடித்து, உலர்ந்த மென்மையான பல்துலக்கியால் மெதுவாகத் தட்டிவிடுங்கள். ஊசி, முள் கொண்டு குத்தக் கூடாது. உள்ளே இருக்கும் மெல்லிய வலை கிழிந்துவிடும். தண்ணீரில் விழுந்த போனை அரிசிப் பானைக்குள் புதைப்பதும் வேண்டாம். அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே எச்சரித்திருக்கிறது. காற்றோட்டமான இடத்தில் உலர விடுவதே நல்லது.

அழைப்பே வந்து சேராதபோது

விமானக் குறி மேலே தெரிந்தால் ஏரோபிளேன் மோடை அணையுங்கள். ரீசார்ஜ் காலம் முடிந்திருந்தால் சில நாட்களில் உள்வரும் அழைப்பும் நின்றுவிடும். இரண்டு சிம் உள்ள பெரும்பாலான போன்களில் ஒன்றில் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றதற்கு அழைப்பு வராது. ஜியோ சிம்முக்கு 2ஜி, 3ஜி கிடையாது. ஆகவே போனை 2ஜி அல்லது 3ஜி என்று மட்டும் அமைத்திருந்தால் அழைப்பு வராது.

உங்களை அழைப்பவருக்கு மணி கேட்கிறது, ஆனால் வேறு யாரோ எடுக்கிறார் என்றால் உடனே விழித்துக்கொள்ள வேண்டும். *401# அல்லது *21* என்று தொடங்கும் எண்ணை அழுத்தச் சொல்லி, அழைப்புகளைத் தம் எண்ணுக்கு மாற்றிக்கொள்ளும் மோசடிக்காரர்கள் உண்டு. வங்கியின் ஓ.டி.பி. குரல் அழைப்பாக வந்தால் அது அவர்கள் கைக்குப் போய்விடும். *401# வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கத் தொலைத்தொடர்புத் துறை ஆணையிட்டது. எனினும் ஐயம் இருந்தால் *#21# அழுத்தி நிலையை அறியலாம். ##002# அழுத்தினால் எல்லா மாற்றமும் நீங்கும். அது ஏற்கப்படாவிட்டால் போன் அமைப்பில் கால் ஃபார்வர்டிங் என்ற இடத்தில் அணையுங்கள். பணம் போயிருந்தால் தாமதமின்றி 1930-ஐ அழையுங்கள்.

மோட்டார் ஸ்டார்ட்டர் வைத்திருப்போருக்கு

கைப்பேசியால் இயங்கும் ஸ்டார்ட்டர்களில் சில, மின்சாரம் வந்ததும் அல்லது கிணற்றில் நீர் வற்றி மோட்டார் வெறுமனே ஓடியதும், பதிந்து வைத்த எண்ணை அழைக்கும். அந்த அழைப்பு தவறினால் முறைநீர் போய்விடும், பயிர் காயும். எனவே ஸ்டார்ட்டரில் உள்ள சிம் எண்ணை 'மோட்டார்' என்ற பெயரில் பதிந்து, நட்சத்திரக் குறியும் இட்டுவையுங்கள். அந்த எண்ணுக்கு மட்டும் தனி மணி வைத்துக்கொண்டால் இருட்டில் கண்ணாடி தேட வேண்டியதில்லை. அழைப்பு வராமற் போனால் உங்கள் போனை மட்டும் குறை சொல்லாமல், பெட்டிக்குள் இருக்கும் சிம்மின் ரீசார்ஜ் தேதியையும் பாருங்கள். யாரும் தொட்டுப் பார்க்காத சிம் அது, காலாவதியாவதும் அதுதான்.

இத்தனைக்கும் பிறகு பாட்டும் மணியும் கேட்காவிட்டால் ஒலிபெருக்கியை மாற்ற வேண்டியிருக்கலாம். கடைக்குக் கொடுக்கும்போது சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, என்னென்ன சோதித்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். முடிந்தால் உடனிருந்தே மாற்றி, அங்கேயே ஒருமுறை அழைத்துப் பார்த்து வாங்கி வாருங்கள்.